தன்மோகம்: உள்ளே என்ன நடக்கிறது, எப்படி வெளியே வருவது?

நண்பர் தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல ஆரம்பிக்கிறார், இரண்டாவது வாக்கியத்திலேயே "எனக்கும் போன மாசம் இப்படித்தான்" என்று பேச்சைப் பிடுங்கிக்கொள்கிறீர்களா? என்றைக்கோ ஒருநாள் என்றால் பரவாயில்லை. எப்போதும் இதே கதை என்றால் கவனியுங்கள்.

தன்மோகம், அதாவது நார்சிசிசம் என்றால் தன்மேல் அளவுகடந்த பிரியம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், ஆனால் பல சமயம் உள்ளே இருப்பது ஆட்டம் காணும் சுயமதிப்பு. அதற்குப் பாராட்டைத்தான் முட்டாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் சின்ன விமர்சனத்துக்கும் சுள்ளென்று வருகிறது. வெளியே அடக்கமாக இருந்து, 'என்னை யாரும் மதிப்பதில்லை' என்று உள்ளுக்குள் புழுங்குகிறவர்களும் உண்டு.

குணம் வேறு, கோளாறு வேறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது 1980-ல் ஆளுமைக் கோளாறாக இடம்பிடித்தது. இப்போதைய கணக்கில் 9 அறிகுறிகளில் குறைந்தது 5 இருக்க வேண்டும், அதையும் நிபுணர்தான் சொல்ல வேண்டும். சண்டை போட்ட ஆளுக்கெல்லாம் முத்திரை குத்தாதீர்கள்.

சரி, என்ன செய்வது? யாராவது குறை சொன்னதும், பதிலடி கொடுக்கும் முன் "இது கோபமா, அவமானமா?" என்று கேட்டுப் பாருங்கள். பல சமயம் அவமானம்தான், பெயர் தெரிந்தாலே வேகம் கொஞ்சம் தணியலாம். அப்புறம், மன்னிப்புக் கேட்கும்போது 'ஆனால்' வேண்டாம். அடுத்தவரிடம் இரண்டு கேள்வியாவது கேட்டபிறகு உங்கள் கதைக்கு வாருங்கள்.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது, பேச்சு சிகிச்சைதான். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். நடுவில் ஒருநாள் "இந்த தெரபிஸ்டுக்கே ஒன்றும் தெரியவில்லை" என்று தோன்றும், அந்த வாரம் மட்டும் போகாமல் இருந்துவிடாதீர்கள், அதையே அவரிடம் சொல்லுங்கள்.