விட்டு விட்டு வரும் மிஸ்ஸிங்: காயில் வாங்கும் முன் இடம் மாற்றிப் பாருங்கள்

ஜூலை மழை பிடித்துவிட்டால் யாங்கோனில் தாம்வேயில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஒரே புகாரோடு டொயோட்டா புரோபாக்ஸ் டாக்சிகள் வந்துகொண்டே இருக்கும். “சயா (வாத்தியாரே), மேம்பாலம் ஏறும்போது உதறுது. கீழே இறங்கினா ஒண்ணுமே இல்ல.” பட்டறைக்குள் வந்து நின்றதும் இன்ஜின் தையல் மிஷின் மாதிரி சீராக ஓடும். டிரைவருக்குச் சங்கடமாகிவிடும், தான் பொய் சொல்வதாக நான் நினைப்பேனோ என்று. அப்படி நினைக்க மாட்டேன். ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்காமல் தவறுவதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம், விட்டு விட்டு வருவதே இந்தக் கோளாறின் சுபாவம். அதை வரவழைத்துத்தான் பிடிக்க வேண்டும். வரவழைக்காமல் சாமான் வாங்கி மாட்டி, நாள் முழுக்க ஓட்டிச் சம்பாதித்ததை இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், செக் இன்ஜின் லைட் எரிகிறது என்று பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள். கழற்றினால் வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணான கோடும் (code) போகும், அதோடு சேர்ந்து பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேமும் போகும். கோளாறு நடந்த நொடியில் எத்தனை ஆர்பிஎம், என்ன வேகம், இன்ஜின் எவ்வளவு சூடு, லோடு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். கோடை விட அதுதான் எனக்கு முக்கியம். ஸ்கேனரில் படித்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு வரும் ஜப்பான் வண்டிகளில், 2008-க்கு முந்திய பலவற்றோடு மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் பேசாது. அப்படியானால் டொயோட்டாவுக்கு உரிய ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் படித்துக்கொள்வதே நல்லது.

பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று வந்தால் பலர் உடனே “இரண்டாம் காயில் போச்சு” என்கிறார்கள். பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுப்பதுதான் காயில். கோடு அப்படிச் சொல்லவில்லை. கிராங்க் சென்சார் ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்க்கிறது. இரண்டாம் சிலிண்டரின் முறை வந்தபோது தள்ளு விசை குறைந்தது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். பிளக்கில் தீப்பொறி இல்லாமல் போனதா, பெட்ரோல் போதாமல் போனதா, வால்வு சரியாக மூடவில்லையா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பி0300 என்றால் மிஸ்ஸிங் ஒரு சிலிண்டரோடு நிற்கவில்லை என்று அர்த்தம். அப்போது எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு பக்கம் முதலில் போங்கள்.

லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வரலாம். மினுக்கி மினுக்கி எரிந்தால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிஸ்ட்டுக்குள் போய் அங்கே எரிந்து, அதை உருக்கிவிடும்.

இங்கே பல டாக்சிகளில் பெட்ரோலோடு சிஎன்ஜி என்ற கேஸிலும் ஓடும் வசதி இருப்பது நமக்கு ஒரு வசதி. செலவே இல்லாத சோதனை அந்தச் சுவிட்சில் இருக்கிறது. உதறல் வரும் அதே இடத்தில், அதே லோடில் ஒரு முறை கேஸில் ஓட்டுங்கள், ஒரு முறை பெட்ரோலில் ஓட்டுங்கள். பெட்ரோலில் மட்டும் உதறினால் பொறி நன்றாக இருக்கிறது, பெட்ரோல் வரும் வழியைப் பாருங்கள். கேஸில் மட்டும் உதறினால் பிளக், காயில் மேல் சந்தேகப்படலாம், ஏனென்றால் கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலை விட அதிக வோல்டேஜ் வேண்டும். ஆனால் கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசரும் ஃபில்டரும் கெட்டிருந்தாலும் இப்படி ஆகும், அதையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். இரண்டிலும் ஒரே சிலிண்டர் உதறினால் பிளக், காயில், இல்லாவிட்டால் கம்ப்ரஷன்.

அடுத்தது இடம் மாற்றுவது. 10 எம்எம் ஸ்பேனர் போதும். பெல்ட் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். இரண்டாம் காயிலைக் கழற்றி மூன்றில் போடுங்கள், மூன்றாவதை இரண்டில் போடுங்கள். பிளக்கைத் தொடாதீர்கள். ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாமல் போய்விடும். கோடை அழித்துவிட்டு, ஏசியைப் போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறுங்கள். லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும், பலவீனமான இடம் அப்போதுதான் தோற்கும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், அரை மணி நேரம் நிறுத்தி வைத்துப் பார்ப்பதில் பயனே இல்லை. கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான். பி0302-லேயே நின்றால் பிளக்கை இதே போல மாற்றிப் பாருங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி வந்தான். வேறொரு பட்டறையில் நாலு காயிலும் புதிதாக மாட்டியிருந்தார்கள், இரண்டே வாரத்தில் பி0302 திரும்பி வந்துவிட்டது. 16 எம்எம் பிளக் ஸ்பேனரை விட்டு இரண்டாம் பிளக்கை வெளியே எடுத்தேன். நுனி நல்ல காப்பி நிறம், பார்த்தால் குறையே சொல்ல முடியாது. வெயிலில் பிடித்துத் திருப்பினேன். வெள்ளைப் பீங்கானில், மேலிருந்து கீழாக, பென்சிலால் கிழித்தது போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. காயிலின் ரப்பர் குழலைப் பிரித்து டார்ச் அடித்தால், உள்ளே அதே உயரத்தில் அதன் ஜோடிக் கோடு. பொறி நுனிக்குப் போகாமல் பீங்கான் மேலேயே ஓடி இன்ஜின் உடம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. பழைய பிளக்கை விட்டுவைத்ததால் புதுக் காயிலின் ரப்பரிலும் அந்தத் தடம் பதிந்துவிட்டது. பிளக் குழியின் அடியில் துருக் கலந்த தண்ணீர் ஒரு ஸ்பூன் இருந்தது. கண்ணாடிக்குக் கீழே மழைத்தண்ணீர் வடியும் வழியை இலைக்குப்பை அடைத்திருந்தது, தண்ணீர் இன்ஜின் மேல் சொட்டியிருக்கிறது. ஒரு பிளக், ஒரு ரப்பர் குழல், கைப்பிடி குப்பை, அவ்வளவுதான் வேலை.

குழியில் தண்ணீருக்குப் பதிலாக எண்ணெய் நின்றால் வால்வ் கவர் சீல் போயிருக்கிறது. திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்து வரும் வண்டிகளில், ஊற்றிய தண்ணீர் போதாதென்று பிரஷர் பம்பால் இன்ஜினைக் கழுவியும் இருப்பார்கள். தயவுசெய்து காயில் மேல் அடிக்காதீர்கள்.

பிளக் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். புரோபாக்ஸின் சாதாரண பிளக்கில் 1.1 மில்லிமீட்டர். தேய்ந்து அகலமானால் பெட்ரோலில் ஓடும், கேஸில் உதறும். முழுக்க கேஸில் ஓடும் வண்டிக்கு நான் 0.8 வைக்கிறேன். இரிடியம் பிளக்கை மட்டும் வளைக்கக் கூடாது.

சரி, பெட்ரோல் பக்கம். பி0171 வந்தால் காற்று கூடியிருக்கிறது அல்லது பெட்ரோல் குறைந்திருக்கிறது. ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம்மைப் பாருங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதுதான் அது. பூஜ்யத்திலிருந்து இரு பக்கமும் 10 சதவீதம் வரை பயமில்லை. ஐடிலில் கூடுதலாக இருந்து, 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் குறைந்துவிட்டால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. இந்த வெயிலில் பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை உறிஞ்சும் குழாய்) வளைவில் வெடித்துவிடும், விரலால் வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு வாயைத் திறக்கும். மாறாக லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றளக்கும் சென்சார் அழுக்காகிக் குறைத்துச் சொல்கிறது. அந்தச் சென்சாருக்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள், கம்பியில் விரலோ துணியோ படக் கூடாது. இன்னொன்று, கேஸ் டியூனிங் சரியில்லாத வண்டியில் கம்ப்யூட்டர் கேஸில் கற்ற தப்புக் கணக்கைப் பெட்ரோலுக்கும் போட்டுக்கொண்டிருக்கும். அதனால் இந்தப் பார்வையெல்லாம் இருபது நிமிடமாவது பெட்ரோலில் மட்டும் ஓடிய பிறகுதான்.

பெட்ரோல் அழுத்தம் 44 முதல் 50 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். கேஜை மாட்டி, ஹோஸைக் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டே வர, சூடான வண்டியை ஓட்டுங்கள். ஹோஸ் இணைப்பில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் ஓட்டக் கூடாது. காலையில் நன்றாக இருந்து, மதியம் யாங்கோன்–மண்டலே நெடுஞ்சாலையில் 115 மைல் ஓய்விடத்தைத் தாண்டித் திணறும் வண்டிகளில் பம்ப்தான் பெரும்பாலும் மாட்டும். டேங்கிலுள்ள பெட்ரோல்தான் பம்புக்குக் குளிர்ச்சி. கேஸ்தானே ஓடுகிறது என்று டேங்கை வற்ற விடுகிறார்கள். பல வண்டிகளில் கேஸில் ஓடும்போதும் பம்ப் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது, சூடேறிக் கருகிப்போகிறது. குறைந்தது கால் டேங்க் வைத்திருங்கள்.

பெட்ரோல் அடித்த அன்றே உதறல் தொடங்கியிருந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

வேலை முடிந்ததும் கோடை அழித்து, லோடோடு அதே மேம்பாலத்தில் மூன்று முறை ஏறி இறங்கி, பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத கோடு) ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் சாவியைக் கொடுப்பேன்.