முதல்முறை ரீஸ்லிங் குடிப்பவருக்கு

வெள்ளை ஒயின் என்றாலே வெறும் புளிப்பு என்று ஒதுக்கியவர்களுக்கு நான் முதலில் ஊற்றிக் கொடுப்பது ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங்கைத்தான். ரீஸ்லிங் என்பது திராட்சை வகையின் பெயர். ஆற்றையொட்டிய செங்குத்தான ஸ்லேட் பாறைச் சரிவுகளில் விளைகிறது. குளிரான ஊர் என்பதால் பழம் மெதுவாகப் பழுக்கும். இனிப்பு ஏறினாலும் புளிப்பு விட்டுப் போகாது.

முதலில் பாட்டில். லேபிளில் இருக்கும் கோட்டைப் படத்தை விடுங்கள், ஆல்கஹால் அளவைத் தேடுங்கள். 8, 9 சதவீதம் என்றால் பழத்தின் சர்க்கரை முழுவதும் நொதிக்காமல் கொஞ்சம் தங்கியிருக்கிறது, இனிப்பு தெரியும். 12 என்றால் சர்க்கரை பெரும்பாலும் ஆல்கஹாலாக மாறிவிட்டது. 'ட்ரோக்கன்' என்று போட்டிருந்தால் இனிப்பில்லாதது. இது தெரியாமல் நான் முதலில் வாங்கியது அதைத்தான். பாதி கிளாஸோடு நிறுத்திவிட்டேன். 'காபினெட்' (ஜெர்மன் ஒயின்களில் லேசான ரகம்) என்று இருந்து, கூடவே 'ட்ரோக்கன்' இல்லாத பாட்டில் உங்களுக்குச் சரி.

அடுத்தது குளிர்விப்பது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் வாசனையே வராது. கால் மணி நேரம் வெளியே வைத்து, 8 முதல் 10 டிகிரிக்குள் குடியுங்கள். ஃபிரிட்ஜில் வைக்க மறந்துவிட்டதா? ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், 20 நிமிடம். வெறும் ஐஸ் என்றால் இடையில் காற்றுதான் நிற்கும். தண்ணீர் இருந்தால்தான் பாட்டிலைச் சுற்றிக் குளிர் ஒட்டும். கிளாஸுக்குள் ஐஸ் போடாதீர்கள், ப்ளீஸ்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, காம்பைப் பிடித்து மெல்லச் சுழற்றி முகருங்கள். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், சிலதில் பீச். சில வருடம் ஆன பாட்டிலில் மண்ணெண்ணெய் சாயலில் ஒரு வாசனை வரும். கெட்டுப்போகவில்லை, ரீஸ்லிங்கின் குணமே அது. அப்புறம் ஒரு வாய் எடுத்து இரண்டு மூன்று நொடி வைத்திருங்கள். முதலில் இனிப்பு; விழுங்கியதும் நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறும். அதுதான் புளிப்பு. சர்க்கரை சரியாக விழுந்த எலுமிச்சை ஜூஸின் கணக்குதான் இங்கேயும். ஜூஸ் மாதிரியே இறங்கிவிடும் என்பதால், வண்டி ஓட்ட வேண்டியவர் தொட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு? காரம். ஆல்கஹால் கூடினால் மிளகாயின் எரிச்சலும் கூடும். இதில் ஆல்கஹால் குறைவு, இருக்கிற இனிப்பும் காரத்தைத் தணிக்கும். தாய்லாந்துச் சாப்பாட்டோடு ரீஸ்லிங்கைச் சேர்ப்பது இதனால்தான். நம் மீன் வறுவலோடும் நன்றாகப் போகும்.

மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். கடைசிக் கிளாஸில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ மின்னினால் பதறி, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஜெர்மனியில் அதற்கு 'வைன்ஸ்டைன்', ஒயின் கல், என்று பெயர். டார்டாரிக் அமிலத்தின் உப்பு குளிரில் படிகமாகியிருக்கிறது. நம் வீட்டுப் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். பாட்டிலை ஆட்டாமல், அடியில் ஒரு விரற்கடை விட்டு ஊற்றுங்கள்.