பிள்ளைகளைக் கடலில் இறக்கும் நாளில் நீங்கள் மாஸ்க் போடாதீர்கள்

போன மாதம் அரியமான் கடற்கரையில் ஒரு தன்னார்வலர் குழுவைப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் இருபது பேர், கூட வந்த பெரியவர்கள் ஆறு பேர். ஆறு பேர் கழுத்திலும் புது ஸ்நார்க்கலிங் மாஸ்க் தொங்கியது. கண்ணாடி மாஸ்க் போட்டு, வாயில் வைத்த குழாயால் மூச்சு விட்டபடி குப்புற மிதந்து கடலடியைப் பார்ப்பதுதான் ஸ்நார்க்கலிங். கடலைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளுக்கு அதன் அடியையே காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில், சொந்தக் காசைப் போட்டு வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் எட்டு வருடத்துக்கு முன் நான் செய்த தப்பை அச்சு அசலாக அப்படியே செய்துகொண்டிருந்தார்கள். பெற்றோர் கையெழுத்து, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி எல்லாம் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். பலரும் செய்கிற தப்புகளை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

தேதியை முதலில் குறிப்பது

பஸ் கிடைக்கிற நாளைக் குறித்துவிட்டு, அப்புறம்தான் கடல் எப்படி இருக்கும் என்று விசாரிக்கிறார்கள். மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்தில் பாக் விரிகுடாவை வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்று அடிக்கத் தொடங்கினால் தலைகீழ். அரையாண்டு விடுமுறையில் வடகடலில் இறங்கினால் அலையும் கலங்கல் தண்ணீரும்தான் கிடைக்கும். கோடையில் கள்ளக்கடல் (உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் தொலைதூரக் கடலிலிருந்து திடீரென்று வரும் பெரிய அலை) எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று முந்தின நாளும் அன்று காலையும் பாருங்கள். 2024 மே மாதம் அப்படி ஓர் எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது.

காவலுக்கு நிற்பவரும் மீன் பார்ப்பது

இதை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஜூலை சனிக்கிழமை. வடகடல், இடுப்பளவுத் தண்ணீர். நானும் இன்னும் மூன்று பேரும் பிள்ளைகளோடு சேர்ந்து மாஸ்க் போட்டு மிதந்துகொண்டிருந்தோம். கடல்புல்லுக்கு நடுவில் ஒரு கடல்குதிரை, விரல் நீளம்தான் இருக்கும், வாலால் ஒரு புல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்தில் ஆடியது. பக்கத்தில் இருந்த பிள்ளைகளைக் கையசைத்துக் கூப்பிட்டேன். எல்லோரும் தலையைத் தண்ணீருக்குள் வைத்து அதையே பார்த்தோம். அந்த நேரத்தில் எங்களுக்குப் பத்தடி தள்ளி, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் குழாயில் தண்ணீர் ஏறியிருக்கிறது. இருமியிருக்கிறான், இன்னும் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. காலை ஊன்றி நின்றிருந்தாலே போதும். பதற்றத்தில் அது தோன்றவில்லை. படகில் உட்கார்ந்திருந்த பெரியவர் குதித்து, சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் மூச்சு சீரானபின் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, நீங்க மீனப் பாக்குறீங்க. புள்ளைய யாரு பாக்குறது?"

வேறு எந்தக் குளியலிலும் ஒரு பிள்ளை குப்புற அசையாமல் மிதந்தால் பார்த்தவுடன் பதறி ஓடுவோம். ஸ்நார்க்கலிங்கில் குப்புற அசையாமல் மிதக்கத்தான் நாமே சொல்லித் தருகிறோம். நன்றாக மிதக்கிற பிள்ளையும் மயங்கிய பிள்ளையும் மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். மூழ்குகிற பிள்ளை கத்தும் என்றும் எண்ண வேண்டாம். கத்துவதற்கு மூச்சு வேண்டும், அந்த மூச்சுதான் அதற்குக் கிடைக்காமல் தவிக்கிறது.

அதனால் இப்போது எங்கள் குழுவில் பெரியவர்கள் இரண்டு பேருக்கு மாஸ்க்கே கிடையாது. ஒருவர் படகில் நிற்பார், ஒருவர் மார்பளவுத் தண்ணீரில் தலை மேலே இருக்கும்படி நிற்பார். ஒரு சமயத்தில் ஆறு பிள்ளைகளுக்கு மேல் இறக்குவதில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு விசில். விசில் கேட்டதும் எழுந்து நின்று ஒரு கையை உச்சந்தலையில் வைத்துக் காட்ட வேண்டும். கை வைக்காத பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்ப்பது, இன்னொரு தரம் ஊதுவது எல்லாம் இல்லை. நேரே போய்த் தொட வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை காவல் மாறும், ஏனென்றால் வெயிலில் கண் சோர்ந்துவிடும். போட்டோ எடுக்கிறவரைக் காவல் கணக்கில் சேர்க்க மாட்டோம்.

இதை அரியமானில் சொன்னபோது, "அதான் ஆறு பேரு இருக்கோம்ல சார்" என்றார் ஒருவர். எனக்கு எரிச்சல் வருவது இந்தப் பதிலில்தான். அன்று நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மற்ற மூவர் பார்த்துக்கொள்வார்கள் என்று நான்கு பேருமே நினைத்திருந்தோம்.

எழுந்து நிற்கக் கற்றுத் தராமல் மிதக்க விடுவது

முழங்கால் தண்ணீரில் அரை மணி நேரம் இதற்கே ஒதுக்குங்கள். குப்புற மிதக்கும்போதே முழங்காலை வயிற்றுப் பக்கம் இழுத்து, பாதத்தை ஊன்றி, நின்றபின் குழாயை வாயிலிருந்து எடுப்பது. இதைப் பத்து தரம் செய்யட்டும். அப்புறம் குழாயில் ஏறிய தண்ணீரை ஒரே மூச்சில் ஊதித் தள்ளுவது. மாஸ்க்கைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. நெற்றி முடி உள்ளே சிக்கியிருந்தால் எந்த மாஸ்க்கிலும் தண்ணீர் கசியும்.

முகம் முழுவதும் மூடும் மாஸ்க்

பிள்ளைகளுக்கு வேண்டாம்.

மூச்சடக்கும் போட்டி

பார்த்தவுடன் நிறுத்துங்கள். வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு முங்கினால், மூச்சு முட்டுகிற உணர்வு வரும் முன்பே மயக்கம் வந்துவிடும்.

வெறும் முதுகு

குப்புறக் கிடப்பதால் முதுகும் கெண்டைக்காலும்தான் வேகும். முழுக்கை சட்டை, நீளமான கால்சட்டை.

கிளம்பும் முன் பையைப் பார்க்காமல் விடுவது

ஒருமுறை ஒரு பையன் தண்ணீர் பாட்டிலில் கடல் அட்டையைப் போட்டு வைத்திருந்தான். அம்மாவுக்குக் காட்டவாம். கடல் அட்டை, பவளம், கடல்குதிரை எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, எடுத்துப்போவது குற்றம். திட்டவில்லை. அவனே போய் விட்டுவிட்டு வந்தான்.

தண்ணீர் குடித்த பிள்ளையை மறந்துவிடுவது

அந்த ஆறாம் வகுப்புப் பையன் கரையில் சிரித்துப் பேசினான், பொட்டலத்துச் சோற்றையும் சாப்பிட்டான். பஸ்ஸில் ராமநாதபுரம் வரும்போது இருமல் நிற்கவில்லை, மூச்சு வேகமாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். நல்லவேளை, கேட்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆக்சிஜன் வைத்து ஒரு ராத்திரி படுக்க வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் அவன் அப்பா வந்து கூட்டிப் போனார்.