அகராதியில் அந்தக் குட்டி எண்ணைப் பாருங்கள்

ஆங்கில அகராதியில் ‘மேட்ச்’ என்று தேடினால், நல்ல அகராதிகளில் அந்தச் சொல் இரண்டு தனிப் பதிவுகளாக இருக்கும். தலைச்சொல்லின் ஓரத்தில் பொடியாக 1, 2 என்று போட்டிருப்பார்கள். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு என்பதற்கான அடையாளம் அது.

கிரிக்கெட் மேட்ச், புடவைக்கு மேட்சான ரவிக்கை, தரகர் சொல்லும் ‘நல்ல மேட்ச்’ எல்லாம் ஒரே குடும்பம். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்குத் துணை, இணை என்று பொருள். சமமான இருவர் மோதினால் ஆட்டம், சேர்ந்தால் ஜோடி!

மேட்ச் பாக்ஸுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. விளக்குத் திரி என்று பொருள். அப்புறம் பழைய துப்பாக்கிகளைப் பற்றவைத்த கயிறுக்கும், கந்தகம் தோய்த்த குச்சிக்கும் அதே பெயர். உரசினாலே பற்றும் குச்சியை 1827-ல் விற்க ஆரம்பித்தவர் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஊர் மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர்.

எண் ஒன்றேயானால் பொருள்களை ஒரு கயிற்றில் கோத்து நினைவில் வைக்கலாம். எண் வேறானால் வீணாக முடிச்சுப் போடாமல் தனித்தனியாகப் படியுங்கள். ‘பார்க்’ (bark) என்ற சொல்லில் தொடங்கிப் பாருங்கள்: நாய் குரைப்பதும் மரப்பட்டையும்.