வெயிலா மேகமா: புளூகில் மீனுக்குத் தூண்டிலை எத்தனை அடி இறக்குவது?

புளூகில் பிடிக்கக் கிளம்புகிறவர் முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும். எந்த இரை என்பதை அப்புறம் யோசிக்கலாம். கண்ணால் பார்த்து இரை எடுக்கும் வட அமெரிக்க நன்னீர் மீன் இது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தெளிந்த நீரில் வெயில் விழுந்தால் இதைத் தின்னும் கொக்குக்கும் பாஸ் மீனுக்கும் பளிச்சென்று தெரியும். அதனால் வெளிச்சம் ஏற ஏற ஆழத்துக்கோ நிழலுக்கோ ஒதுங்கும், குறையக் குறைய மேலேறிப் பரவும். கலங்கிய குட்டையில் இந்த வித்தியாசம் குறைவு. அமெரிக்காவின் இல்லினாய், மிச்சிகன் பக்கத்துத் தெளிந்த ஏரிகளில் நன்றாகவே தெரியும்.

ஆனால் வெயில் எப்போதும் கெடுதல் இல்லை. ஏப்ரலில் நீர் இன்னும் சில்லென்றிருக்கும்போது மீனுக்கு வேண்டியது சூடு. விடியற்காலையில் போய் நிற்பது அப்போது வீண். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்த பிறகு, பிற்பகல் 1 மணி முதல் 4 மணி வரை, ஏரியின் வடகரையில் கருஞ்சேறு படிந்த ஆழமற்ற மூலைகளைத் தேடுங்கள். தெற்கு வெயில் நேராக விழுவதும், வாடைக்காற்று படாததும் அந்தக் கரைதான். 2 முதல் 4 அடி நீரே போதும். தக்கைக்குக் கீழே ஒன்றரை அடியில் 1/64 அவுன்ஸ் ஜிக் (ஈயத்தலை வைத்த முள்) தொங்கட்டும். அதே மாதத்தில் மேகம் மூடிக் குளிர்ந்தால், மீன் அருகிலுள்ள முதல் சரிவுக்கு, 6 முதல் 10 அடிக்கு, இறங்கிவிடும். கரையோரத்திலேயே வீசிக்கொண்டிருப்பவர் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

நீர் 70 டிகிரி பாரன்ஹீட்டை (சுமார் 21 செல்சியஸ்) நெருங்கும்போது ஆண் மீன்கள் தட்டுத் தட்டாகக் குழி பறித்துக் கூட்டமாக முட்டைக்குக் காவல் நிற்கும். சூரியன் உச்சியில் இருக்கையில் நீரின் பளபளப்பை மறைக்கும் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டால் அந்தக் குழிகள் தெரியும். வெயிலோ மேகமோ, காவல் மீன் பெரும்பாலும் கடிக்கும். அதற்காக எல்லாவற்றையும் அள்ளிவிடாதீர்கள். பெரிய ஆண்கள் போய்விட்டால் சின்ன ஆண்கள் வளராமலே முதிர்ந்துவிடும். சில ஆண்டுகளில் ஏரியில் விரல் நீளக் குட்டிகள்தான் மிஞ்சும். நடுத்தர மீனில் சமையலுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு பெரியதை நீரில் விடுங்கள்.

கோடையில் கணக்கு தலைகீழ். ஜூலை நடுப்பகல் வெயிலில் பெரிய புளூகில் நீர்ச்செடிப் படுகையின் வெளி விளிம்பில், 8 முதல் 15 அடியில் நிற்கும். படகுத்துறைப் பலகைக்கு அடியிலும் அல்லி இலைக்கு அடியிலும் ஒண்டியிருக்கும். அதற்காக ஏரியின் அடிவரை இறக்கிவிடாதீர்கள்: கோடையில் ஆழத்தில் குளிர்நீர் தனி அடுக்காகப் பிரிந்து நிற்கும், பல ஏரிகளில் அங்கே உயிர்க்காற்று மிகக் குறைவு.

இந்த ஆழத்துக்கு நிலைத்த தக்கை ஒத்துவராது. நரம்பில் (தூண்டில் இழையில்) நழுவும் தக்கை வேண்டும். 4 பவுண்டு எடை தாங்கும் நரம்பில் முதலில் தக்கையை நிறுத்தும் நூல் முடிச்சு, பிறகு ஒரு பாசிமணி, அடுத்து மெல்லிய தக்கை, முள்ளுக்கு ஓரடி மேலே சிறு ஈயக்குண்டு ஒன்று. ஈயத்தைக் குறடால் அழுத்துங்கள், பல்லால் கடிக்க வேண்டாம். முள் 8 அல்லது 10 எண், நீண்ட தண்டு உள்ளது. தக்கை நிமிராமல் படுத்தே கிடந்தால் ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். முடிச்சைக் கீழே நகர்த்தி ஆழத்தைக் குறையுங்கள். நிழலில் இருக்கும் மீன் தேடி வராது, இரைதான் அதன் முகத்துக்குப் போக வேண்டும். துறையின் நிழல் விளிம்பிலிருந்து ஓரடிக்குள் விழாத வீச்சு வீண் வீச்சு. உங்கள் நிழலும் நீரில் விழக்கூடாது.

மேகம் மூடிய கோடை நாளில் 3 முதல் 6 அடியில் தொடங்குங்கள். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் மங்கலான ஒளியில் மேலேறும், புளூகில் அவற்றைத் தொடரும். மீன் சிதறித் திரிவதால் ஒரே இடத்தில் உட்காராதீர்கள். பத்து நிமிடம் கொத்தாவிட்டால் நகருங்கள். 1/32 அவுன்ஸ் ஜிக்கை மெதுவாக இழுத்து வருவது இந்த நாளுக்குப் பொருந்தும். வெயில் நாளில் காற்றடித்து நீர் சிலுசிலுத்தாலும் ஒளி உடைந்து ஏறக்குறைய இதே நிலை வரும்.

குளிர்க்காற்று கடந்துபோன மறுநாள்தான் ஏமாற்றும். வானம் கண்ணாடிபோல் நீலமாக இருக்கும், மீனோ செடிக்குள் முடங்கியிருக்கும். 2 பவுண்டு நரம்பு, அரை அங்குல மண்புழுத் துண்டு, அசைக்காத தூண்டில். முழுப் புழுவைக் கோத்தால் சின்ன வாய் நுனியை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும்.

மேகத்தோடு இடி கேட்டால் தூண்டிலைச் சுருட்டிக் கரையேறுங்கள். கார்பன் தூண்டில் கழி மின்சாரத்தைக் கடத்தும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மறுபடி நீரருகே போகலாம்.