பயற்று வண்டும் கறுவா இலை எண்ணெயும்: என் அனுபவம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் விளைந்த பயற்றைச் சாக்கில் கட்டி வைத்திருந்தோம். சில வாரங்களில் மணிகளில் வட்டத் துளைகளும் சாக்கின் அடியில் மாவும் தென்பட்டன. வெயிலில் பரப்பியபோது பறந்த வண்டுகள் மீண்டும் வந்தன; வேப்பிலையும் பயன்தரவில்லை. கறுவா இலை எண்ணெயில் நனைத்த துணியைச் சாக்கினுள் வைத்தபோதோ, வாசனை விரைவிலேயே போய்விட்டது.

அந்த எண்ணெயின் பெரும்பகுதியான யூஜினோல் ஆவியாகப் பரவியும் வண்டைத் தாக்கும், ஆனால் சாக்கில் ஆவி தங்காது. ஆகவே, நன்கு காய்ந்த பயற்றை இறுக்கமான மூடியுள்ள பரலுக்கு மாற்றி, எண்ணெயில் நனைத்த பஞ்சைப் பயற்றில் படாதவாறு மூடியின் உட்புறம் தொங்கவிட்டேன். திறந்து பார்த்தபோது வண்டுகள் மேலே செத்துக் கிடந்தன.

ஆயினும் பின்னர் புதிய வண்டுகள் வெளிவந்தன. மணியின் தோலில் ஒட்டியிருக்கும் மிகச் சிறிய வெள்ளைப் புள்ளிகளைத் தூசியென்று பலர் விட்டுவிடுவார்கள், அவை முட்டைகள். பொரிக்கும் புழு நேரே மணிக்குள் துளைத்துச் சென்றுவிடுவதால் ஆவி அதனை எளிதில் எட்டாது. எனவே புள்ளியுள்ள மணிகளைப் பொறுக்கி அகற்றி, 3 அல்லது 4 வாரங்களில் அடுத்த தலைமுறை வெளிவரும் வேளையில் பஞ்சைப் புதிதாக நனைத்து வைத்தேன். அதன்பின் புதிய துளை எதுவும் இல்லை, பெரும் நிம்மதி. விதைப்பயற்றை மட்டும் வேறாக வைப்பது நல்லது, எண்ணெய் மிகுந்தால் முளைதிறன் குறையக்கூடும்.