பழைய ஹைபிரிட் கார்: பழுது பார்ப்பதா, விற்பதா என்று முடிவெடுக்கும் முறை

பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் அதற்கான பேட்டரியும் உள்ள ஹைபிரிட் கார் எட்டுப் பத்து ஆண்டுகள் ஓடிய பிறகு, அதில் ஹைபிரிட் அமைப்பைச் சோதிக்கச் சொல்லும் எச்சரிக்கை எரிந்த அன்றே, அதன் உரிமையாளர் விற்றுவிடலாம் என்று பாதி முடிவு செய்துவிடுகிறார். பழைய கார் வாங்க வருபவரும் அந்த எச்சரிக்கையைப் பார்த்தவுடன், பெரிய பேட்டரியே போய்விட்டது என்று வைத்துத்தான் விலை சொல்வார். ஆகவே விலைப் பேச்சுக்கு முன்னால், காரில் கெட்டிருப்பது எது என்பதைப் பணிமனையில் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் உங்கள் கார் எந்த வகை என்று பாருங்கள். 2015-இல் வந்த மாருதி சியாஸ் எஸ்.எச்.வி.எஸ். போன்ற மைல்டு ஹைபிரிட் கார்கள் மின்சாரத்தில் மட்டும் ஓடுவதில்லை. அவற்றில் பேட்டரியும் சிறியது, பழுதுச் செலவும் அதற்கேற்பக் குறைவு. சாதாரண பெட்ரோல் காருக்கு எப்படி முடிவெடுப்பீர்களோ அப்படியே இவற்றுக்கும் எடுக்கலாம். டொயோட்டாவின் காம்ரி ஹைபிரிட், ஹைக்ராஸ் ஹைபிரிட், ஹைரைடரின் முழு ஹைபிரிட் ரகம் போன்ற முழு ஹைபிரிட் கார்கள் வேறு. அவற்றில் எஞ்சினைக் கிளப்பத் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. பெரிய பேட்டரியின் மின்சாரம்தான் எஞ்சினையும் கிளப்புகிறது. அது முற்றிலும் செயலிழந்தால் பெட்ரோல் நிறைய இருந்தும் கார் நகராது. இந்த ஹைக்ராஸ், ஹைரைடர் கார்களின் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வரை உத்தரவாதம் இருப்பதால், அந்தக் காலத்துக்குள் இருக்கும் காரை அவசரப்பட்டு விற்பது வீண் நஷ்டம்.

சோதனையை மலிவானதிலிருந்து தொடங்குங்கள். முழு ஹைபிரிட் காரிலும் 12 வோல்ட் சிறிய பேட்டரி ஒன்று உண்டு. அது தளர்ந்தால் காரின் கணினிகளுக்குப் போதிய மின்சாரம் கிடைக்காமல், தொடர்பில்லாத எச்சரிக்கைகள் பல ஒன்றாக எரியும். சேலம் அஸ்தம்பட்டியில் நான் அறிந்த ஒருவர் இப்படி எரிந்த விளக்குகளைக் கண்டு பயந்து, கேட்ட விலைக்குக் காரைக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் மாற்றியது அந்தச் சிறிய பேட்டரியை மட்டுமே. அடுத்துப் பார்க்க வேண்டியது குளிர்விக்கும் காற்றாடி. காம்ரியில் பெரிய பேட்டரி பின்னிருக்கைக்குப் பின்னால் இருக்கிறது; அது காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துத்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. சேலத்துக் கோடையில், கண்ணாடியை இறக்கி ஓட்டும் காரில், அந்தக் காற்றுவழி புழுதியால் அடைபடுவது இயல்பு. காம்ரியில் உள்ளது போன்ற நிக்கல் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் வெப்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், இந்தக் காற்றுவழியை ஆண்டுக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்ய வேண்டும்.

இவை சரியாக இருந்தும் எச்சரிக்கை நீடித்தால், பெரிய பேட்டரியை ஸ்கேன் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். 2013-இல் இந்தியாவுக்கு வந்த காம்ரி ஹைபிரிடின் பேட்டரி மாட்யூல் எனப்படும் 34 சிறு பேட்டரிக் கட்டுகளால் ஆனது, மொத்தம் 244.8 வோல்ட். கணினி அவற்றை இரண்டிரண்டாக, 17 தொகுதிகளாக அளக்கிறது. கார் நிற்கும்போது எல்லாத் தொகுதிகளும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், நின்ற இடத்தில் எடுத்த அளவை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஏற்றம் போன்ற இடத்தில் பேட்டரியின் மீது பாரம் ஏறும்போது எது மற்றவற்றைவிடக் கீழே இறங்குகிறது என்பதுதான் கேள்வி. ஒரு தொகுதி மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் பின்தங்கினால் அது பழுதடைந்துவிட்டதாகக் கொள்ளலாம்.

பாரம் கொடுத்துப் பார்க்க, சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு மலைப்பாதை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எச்சரிக்கை இன்னும் எரியாத, ஆனால் சந்தேகம் உள்ள காரை அடிவாரத்திலிருந்து ஏசியோடு ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த எண்ணுள்ள வளைவில் பேட்டரி அளவு எவ்வளவு இறங்கியது என்று உடன் வருபவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்பி இறங்கும்போது எந்த வளைவில் நிரம்பியது என்றும் குறிக்க வேண்டும். இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கும்போது சக்கரங்களின் ஓட்டம் மின்சாரமாக மாறிப் பேட்டரிக்குப் போவதால், அது நிரம்பிவிடுவது நல்ல பேட்டரியிலும் நடப்பதுதான். ஆனால் முந்தைய ஆண்டுகளைவிட மிக விரைவில் நிரம்புவதும், ஏற்றத்தில் மிக விரைவில் காலியாவதும் சேர்ந்து வந்தால் அதன் கொள்ளளவு சுருங்கிவிட்டது என்று பொருள். சிறிய குடம் சீக்கிரம் நிரம்பும். நிரம்பிய பிறகு பேட்டரி வழியாக வேகத்தைக் குறைக்க இடம் இருக்காது என்பதால், கியரை ‘B’ நிலையில் (நிறுத்துவதற்கான ‘P’ அன்று) வைத்து எஞ்சின் பிடிப்போடு இறங்குங்கள். எச்சரிக்கை ஏற்கெனவே எரியும் காரை மட்டும் மலைக்குக் கொண்டுபோக வேண்டாம்; வளைவில் நின்றுவிட்டால் பின்னால் வரும் பேருந்துக்கும் ஆபத்து.

பழுதான மாட்யூலை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று குறைந்த தொகை சொல்பவர்கள் உண்டு. அதே வெயிலில் அதே ஆண்டுகள் உழைத்த மற்ற மாட்யூல்களும் வரிசையில் நிற்கின்றன. நீண்ட நாள் வைத்திருக்கப் போகும் காருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உயர் மின்னழுத்தம் செல்லும் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உள்ள இடத்தைப் பயிற்சி இல்லாத எவரும் தொடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த மின்னழுத்தம் உயிரைப் பறிக்கும்.

இனி கணக்கு. பழுதுச் செலவு காரின் விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. அடுத்த காருக்கு ஆகும் செலவு அந்தக் கணக்கில் வரவே இல்லை. எடுத்துக்காட்டுக்கு, இப்போதுள்ள நிலையில் கார் 3.5 லட்சத்துக்கும், புதிய பேட்டரியோடு 5 லட்சத்துக்கும் போகும் என்றும், பேட்டரிக்கு 2.8 லட்சம் ஆகும் என்றும் வைப்போம். மாற்றி உடனே விற்றால் 1.3 லட்சம் நஷ்டம். ஆகவே விற்பதற்காகப் பேட்டரி மாற்றக் கூடாது. மாற்றி நான்கு ஆண்டுகள் ஓட்டி 2.5 லட்சத்துக்கு விற்றால், இப்போதே விற்காததால் விட்டுக்கொடுத்த 3.5 லட்சத்தையும் சேர்த்து ஆண்டுக்கு 95,000 ரூபாய் ஆகிறது. அதற்குப் பதில் 12 லட்சத்துக்குப் புதிய கார் வாங்கி, நான்கு ஆண்டில் 6.5 லட்சத்துக்கு விற்றால், ஆண்டுக்கு 1,37,500 ரூபாய். இதில் கடன் வட்டி சேரவில்லை. உங்களுக்குக் கிடைத்த தொகைகளை இதே வரிசையில் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கு செல்லுபடியாக, காரின் மற்ற பாகங்கள் நான்கு ஆண்டுகள் தாங்க வேண்டும். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர், பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக் ஆக்சுவேட்டர் ஆகிய இரண்டையும் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அவற்றில் ஏதாவது ஒன்றும் பேட்டரியோடு சேர்ந்து கெட்டுப்போயிருந்தால் விற்பதே சரி. ஆர்.சி.யின் ஆயுளும் முக்கியம். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள். 2013-இல் பதிவான கார் 2028-இல் தகுதிச் சோதனைக்கும் பசுமை வரிக்கும் உட்பட்டே புதுப்பிக்கப்படும்.

விற்பதாக முடிவானால், ஸ்கேன் அறிக்கையை மறைக்காமல் வாங்குபவரிடம் கொடுங்கள். குறை ஒரே ஒரு தொகுதியில்தான் என்று தெரிந்தால், அவர் மொத்த பேட்டரியின் விலையைக் கழித்துக் கேட்க முடியாது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு நிற்காமல், தமிழ்நாட்டுக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். வங்கிக் கடன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்து அடமானப் பதிவை முன்பே நீக்கிவிடுங்கள். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் காப்பீட்டில் சேர்ந்த நோ கிளைம் போனஸ் தள்ளுபடி காருக்கு உரியது அன்று, உங்களுக்கு உரியது. விற்ற கையோடு அதற்கான சான்றிதழைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, அடுத்த காருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.